பாவாடை நாடாவில் மடங்கிய குழாய்

டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபடியே எனக்குப் பாடம் நடந்தது. லிஃப்ட் வந்துவிடும், அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும். நர்ஸ் குனிந்து என் வலது விலாவிலிருந்து தொங்கிய இரண்டு குழாய்களைக் காட்டினாள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பிளாஸ்டிக் குமிழ், எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மூடியைத் திற, அளவுக் கோப்பையில் ஊற்று, குமிழை நன்றாக அமுக்கு, அமுக்கினபடியே மூடு, இரண்டு வேளை, எழுதி வை என்று ஹிந்தியில் கடகடவென்று சொல்லிவிட்டு, "சமஜ்லா கா?" என்று மராத்தியில் முடித்தாள். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

புரிந்தது என்று தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை. ஐம்பத்தி நாலு வயதில், ஒரு மார்பை எடுத்து மூன்று நாள்கூட ஆகாதவளுக்கு எதுதான் புரியும்? என் வீட்டுக்காரர் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். கூட இருந்த அண்ணி, அதாவது அவருடைய அக்கா, குழாயைப் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். லிஃப்ட் போனால் போகட்டும். "நீங்க செஞ்சு காட்டினீங்க, இப்ப நான் செய்யறேன், பாருங்க" என்று சொல்லி, உங்கள் கையாலோ வீட்டு மனுஷர் கையாலோ ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நான் பூனாவில், கட்கியில் ஒரு கேஸ் ஏஜென்சியில் பதினாறு வருஷமாகப் போன் எடுக்கிறவள். சிலிண்டர் வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு ஹிந்தியிலும் மராத்தியிலும் திருப்பிக் கொடுத்துப் பழக்கம். ஆரணியிலிருந்து கல்யாணமாகிப் பூனா வந்தபோது எனக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. வாய் இங்கேதான் வளர்ந்தது. அப்படிப்பட்டவள் என் சொந்த உடம்பு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

பிப்ரவரியில் குளிக்கும்போது வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லாததனால் இரண்டு வாரம் சும்மா இருந்தேன். அப்புறம் மேமோகிராம் (மார்பகத்தை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே), அப்புறம் பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது). ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனபோது அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

சர்ஜன் ஒரு பெண்மணி, மராட்டிக்காரர். என்னோடு ஹிந்தியில் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. "முதலில் மாஸ்டெக்டமி (மார்பகத்தை முழுவதுமாக எடுக்கும் ஆபரேஷன்). அக்குளில் இருக்கும் நெறிகட்டிகளையும் எடுக்க வேண்டும், அங்கேயும் கொஞ்சம் பரவியிருக்கிறது. காயம் ஆறினதும், நாலு வாரத்துக்குள் கீமோ (புற்றுச் செல்களைக் கொல்லும் மருந்தை ஏற்றுவது) ஆரம்பிக்க வேண்டும். காயம் ஆறாமல் ஆரம்பிக்க முடியாது" என்றார்.

"ஆறலன்னா?" என்று கேட்டேன்.

"தள்ளிப் போகும். உங்கள் விஷயத்தில் தள்ளிப் போகக் கூடாது."

இது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. காயம் ஆற வேண்டும் என்றால் உள்ளே ஊறும் நீர் வெளியே வந்தாக வேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டு குழாய்கள், ட்ரெயின் (வடிகால்) என்று சொல்வார்கள். குமிழை அமுக்கி மூடிவிட்டால் அது மெல்ல விரிந்துகொண்டே உள்ளேயிருக்கும் நீரை உறிஞ்சும். ஒரு நாளைக்கு முப்பது மில்லிக்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் குழாயை எடுத்துவிடலாம் என்றார் என் டாக்டர். உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொல்லலாம், அவரையே கேளுங்கள்.

வீட்டில் இந்த வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவருக்கு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு, முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். எதையும் அளந்தால்தான் நம்புவார். ஒரு நோட்டில் கோடு போட்டு, மேல் குழாய், கீழ் குழாய், காலை, சாயங்காலம், நிறம் என்று பிரித்து எழுதினார். கோப்பையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அளவு பார்ப்பார். முதலில் ரத்தமாக வந்தது, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை மனுஷன். பின்னால் நடந்ததற்காக அவர்மேல் எனக்கு எவ்வளவோ கோபம் இருந்தாலும், இதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

குழாயில் நூல் நூலாக ரத்தக்கட்டி அடைக்கும். ஒரு கையால் உடம்புக்குப் பக்கத்தில் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் குமிழை நோக்கி வழித்து விட வேண்டும். பிடித்த கையை விட்டால் தையலோடு இழுக்கும், உயிர் போகும். குமிழைத் தொங்க விடவே கூடாது. பழைய நைட்டியைக் கிழித்து இரண்டு பை தைத்து, நாடா வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தூங்கும்போது அது பக்கத்தில் தூங்கும். பாத்ரூம் போனாலும் கூட வரும்.

இதெல்லாம் நடக்கும்போது ஊருக்கு நாங்கள் சொல்லி வைத்திருந்தது பித்தப்பைக் கல். ஃபேக்டரியில் லீவு கேட்கும்போது அவர் வாயில் அதுதான் வந்ததாம். அண்ணியும் உடனே பிடித்துக்கொண்டார். "அதான் நல்லது ஜெயா. ஆம்பளைங்க நாலு பேர் இருக்கற எடத்துல மார்புன்னு எப்பிடிச் சொல்றது?" என்றார். கல் என்று கேள்விப்பட்ட அத்தனை பேரும் வந்து எண்ணெய் சேர்க்காதே, பார்லித் தண்ணி குடி என்று புத்தி சொன்னார்கள். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பங்குனி வெயிலில் வெந்தபடி, சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். வயிற்றில் இல்லாத காயத்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடிக்க வேறு வேண்டியிருந்தது. என்ன பிழைப்பு இது!

மார்ச் மாதக் கடைசி நாளில் அவருக்கு ரிடையர்மென்ட்.

ஃபேக்டரிக் குடும்பங்களில் இதை எப்படிச் செய்வார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரிடையர் ஆகிறவரைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். பெண்சாதியும் வர வேண்டும். மேடையில் இரண்டு நாற்காலி போட்டு ஜோடியாக உட்கார வைத்து, மாலை, சால்வை, தேங்காய், ஆளுக்கொரு பேச்சு. பிறகு பூ சுற்றின ஜீப்பில் ஏற்றி, தாஷா மேளம் அடித்துக்கொண்டு வீடு வரைக்கும் ஊர்வலம். பெண்சாதி வரவில்லை என்றால் என்னமோ ஏதோ என்று பேசுவார்கள். முப்பத்தைந்து வருஷமாக அடுத்தவர்களின் ஜீப்புக்கு முன்னால் ஆடினவர் இவர். இப்போது இவர் முறை.

"நான் எப்பிடிங்க வர முடியும்? ரெண்டு குழாய் தொங்குது" என்றேன்.

"ஒரு மணி நேரம் ஜெயா. பக்கத்துல உக்காந்தா போதும்."

"அப்ப பையோட வரேன். கழுத்துல மாட்டிக்கிட்டு."

அவர் நோட்டில் கோடு போட ஆரம்பித்தார். தலையைத் தூக்காமலே, "அப்புறம் எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க. ஒரு நாள், அந்த ஒரு நாள் மட்டும், என்னப் பாக்கட்டுமே" என்றார்.

கேஸ் ஏஜென்சியில் ஒருத்தன் இப்படிப் பேசியிருந்தால் போனை வைத்திருப்பேன். இவரிடம் என்னால் முடியவில்லை. மனுஷன் நியாயமாகத்தானே கேட்கிறார் என்றுகூடத் தோன்றியது. சரி என்றேன். அந்தச் சரியை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆபரேஷன் ஆகிப் பதினோராம் நாள். அண்ணி என் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வைத்தார். வலது கை தூக்க முடியாததால் ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்து, போட்ட பிறகு ஊசி குத்தினார். வெறுமையாக இருந்த பக்கத்தில் நாலு கைக்குட்டையை மடித்து வைத்தார். பிறகு குமிழ்களை இடுப்புக்குக் கொண்டுவந்து, குழாயைச் சுருட்டி, பாவாடைக்குள் செருகி, நாடாவை இறுக்கிக் கட்டி, மேலே கொசுவம் வைத்தார். "பாரு, ஒண்ணுமே தெரியல" என்று கண்ணாடி முன்னால் நிறுத்தினார். நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. அப்போது எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு மணி நேரம் என்றது ஐந்து மணி நேரம் ஆனது. பேசினவர்களே பேசினார்கள். சம்பங்கி மாலை வலது தோளில் அழுத்தியது. என் வீட்டுக்காரர் மைக்கில் பேசும்போது, "என் மிசஸ் இல்லன்னா நான் இல்ல" என்று ஹிந்தியில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோவுக்கு நிற்கும்போது அவருடைய பிரிவில் வேலை செய்கிற பாஸ்கரின் மனைவி மல்லிகா, எங்கள் அடுத்த சந்துக்காரி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஆபரேஷன் பண்ண மாதிரியே தெரியலக்கா, ஜம்முன்னு இருக்கீங்க" என்றாள். ஜீப்பில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது நாடா பதிந்த இடத்தில் இரண்டு குழாயும் மடங்கிக் கிடந்தன. கீழ்க் குழாயில் வெள்ளையாக ஒரு மடிப்புத் தழும்பு விழுந்திருந்தது. நேராக்கி விட்டோம். குமிழ் காலியாக இருந்தது. ஐந்து மணி நேரத்தில் ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் மேல் குழாயில் இருபது மில்லி. அக்குளிலிருந்து வருகிற கீழ்க் குழாயில், முந்தின நாள் வரை எழுபது வந்துகொண்டிருந்த இடத்தில், ஐந்து. அதற்கடுத்த நாளும் ஐந்து.

"காஞ்சிருச்சு ஜெயா! காஞ்சே போச்சு!" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அண்ணி கேசரி கிண்டினார். பித்தப்பைக் கல்லுக்கு நெய் ஆகாது என்று விளையாட்டாகச் சொல்லி, கூடுதலாக ஒரு கரண்டி போட்டார். மூன்று பேரும் சிரித்தோம். எழுபதாக இருந்தது ஒரே நாளில் எப்படி ஐந்தாகும் என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவருக்கே உறைக்கவில்லை. நமக்கு வேண்டியதை எண் சொன்னால் எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அக்குளில் ஏதோ கனத்தது. கையை அசைத்தால் உள்ளே தளும்பியது. அது ஆறுகிற வீக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் குளிர் எடுத்தது. அந்த வெயிலில் கம்பளி கேட்டேன். தோல் சிவந்து, தொட்டால் கொதித்தது.

டாக்டர் விரல் வைத்து ஒரு பக்கம் அமுக்கினார், மறுபக்கம் அலை எழும்பியது. செரோமா (தோலுக்கு அடியில் நீர் கட்டிக்கொள்வது), அதில் சீழும் பிடித்துவிட்டது என்றார். நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு குழாயை வெளிச்சத்தில் பிடித்து, அந்த வெள்ளை மடிப்பை நகத்தால் தொட்டார்.

"இது எப்படி மடிந்தது?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நானே சொன்னேன். பட்டுப்புடவை, பாவாடை நாடா, மேடை, ஜீப், எல்லாம். டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "மடிந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. நீர் வற்றவில்லை, வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. திடீரென்று குறைந்தால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "கீமோ தேதியை ரத்து செய்துவிடுகிறேன்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

மறுபடி மயக்க மருந்து. காயத்தைத் திறந்து கழுவி, புதிதாக ஒரு குழாய் வைத்தார்கள். ஆறு நாள் படுக்கை. கீமோ ஐந்து வாரம் தள்ளிப் போனது. எது தள்ளிப் போகக் கூடாது என்றாரோ அது ஒரு மாலைக்காகவும் ஜீப்புக்காகவும் தள்ளிப் போனது. வார்டில் படுத்துக்கொண்டு நான் திட்டாத ஆள் இல்லை. அவரைத் திட்டினேன். அண்ணியைத் திட்டினேன். மூன்று நிமிஷத்தில் பாடம் எடுத்த அந்தப் பெண்ணைத் திட்டினேன். கடைசியில் கண்ணாடி முன்னால் சந்தோஷப்பட்டு நின்றேனே, அவளைத் திட்டினேன். அவள்தான் அதிகம் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மல்லிகா ஒரு தூக்கில் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "கல்லு எடுத்த எடத்துல கொஞ்சம் இன்ஃபெக்‌ஷன்..." என்று ஆரம்பித்தார். இவ்வளவு நடந்த பிறகும்!

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. சால்வையை இழுத்துக் கட்டிலில் எறிந்தேன். கழுத்திலிருந்த பையிலிருந்து குமிழை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்கு மார்புல கேன்சர். ஒரு பக்கம் எடுத்தாச்சு. அன்னைக்கு மேடையில உக்காந்திருந்தப்பவும் இது என் பாவாடைக்குள்ளதான் இருந்துச்சு. இவரு சென்டாஃப்புக்காக மறைச்சேன், அதுல அடைச்சுக்கிச்சு, சாகப் பாத்தேன். போதுமா?"

என் வீட்டுக்காரர் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அண்ணி சமையலறையிலிருந்து வந்து, வந்த வழியே உள்ளே போனார்.

மல்லிகா அழுவாள், ஐயோ பாவம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம், "அண்ணே, கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றாள். அவர் போனதும் கதவைச் சாத்தினாள். கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் இடது கையைப் பிடித்து, தன் புடவைக்குள் கொண்டுபோய், மார்பின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள்.

"உங்களுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சாக்கா?"

விரல் நுனியில் பட்டது. என்னுடையதைவிடப் பெரிது. நகரவில்லை.

"எத்தினி நாளா இருக்கு?"

"தீபாவளிக்கு எண்ண தேய்க்கறப்பதான் பாத்தேன். அவருகிட்ட சொல்லல. யாரக் கேக்கறதுன்னு தெரியல. நம்ம ஆளுங்கள்ல யாருக்கும் இது வந்த மாதிரி நான் கேள்விப்படலையே."

நம்ம ஆளுங்களில் யாருக்கும் வந்த மாதிரி அவள் கேள்விப்படவில்லை. எப்படிக் கேள்விப்படுவாள்? என் தோளைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாளே, அன்றைக்கு அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பட்டுப்புடவைதான் இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பாள். எத்தனை சாமர்த்தியமாக மறைத்தோம்!

கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன். "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. நாளைக்கு என் டிரஸ்ஸிங்குக்கு வரப்ப இன்னொரு பொம்பளையும் வராங்க, டாக்டரம்மா பாக்கணும்னு சொல்லுங்க."

"என்னா விஷயம்னு கேட்டா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் மல்லிகாவைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த குமிழைப் பார்த்தார். போனை எடுத்து, மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மார்பில் கட்டி என்று ஹிந்தியில் சொன்னார். எதிர்முனைக்குக் கேட்கவில்லை போல. இன்னும் சத்தமாகச் சொன்னார்.

மல்லிகாவுக்கும் அதேதான். அவளுக்கு இப்போது கீமோ நடக்கிறது, ஆபரேஷன் அதற்கப்புறம். எனக்குக் கீமோ முடிந்துவிட்டது. தலையில் அரை அங்குலம் முடி முளைத்திருக்கிறது. தள்ளிப்போன ஐந்து வாரம் உள்ளே என்ன செய்தது என்று டாக்டரைக் கேட்டேன். தெரியாது என்றார். பொய் சொல்லாததற்கு நன்றி சொன்னேன். வீட்டுக்காரரிடம் பேசுகிறேன், சண்டையும் போடுகிறேன். மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

என் வலது பக்கம் மரத்துப்போய் இருக்கிறது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளின மாதிரி இருக்கிறது. வலது கை காது வரைக்கும்தான் எழும்புகிறது. டாக்டர் அடுத்த ஸ்கேனுக்கு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். முன்பெல்லாம் ஆறு மாதம் என்றால் ஒரு சீஸன், மழை வந்து போகிற நேரம். இப்போது அப்படி எண்ண வரவில்லை. யாராவது ஐந்து மாதம், ஆறு மாதம் என்று சொன்னால், தீபாவளியிலிருந்து பங்குனி வரை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது நினைவுக்கு வந்து, இடது கை விரல் நுனியில் மல்லிகாவின் கட்டி தட்டுப்படுகிறது, நகராமல்.